கடைசல் மரமும் அரக்கு வண்ணமும்

சென்ற நவராத்திரிக்குச் சில நாள் முன்னர் நம் குடியிருப்பில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. பல் முளைக்கும் பருவத்துக் குழந்தையொன்று, சந்தையில் புதிதாக வாங்கிவந்த மரக் கிலுகிலுப்பையை வாயிலிட்டுச் சுவைத்துக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் உதடும் மோவாயும் சிவந்தன. இரத்தமென்று அஞ்சி ஓடிவந்த தாய் துடைத்துப் பார்க்கையில் அது சாயம் என்று தெரிந்தது. அச்சம் அதனால் குறைந்துவிடவில்லை. சாயத்தில் என்ன கலந்திருக்கிறதோ என்ற புதிய அச்சமே வந்து சேர்ந்தது.

இதைக் கண்ட அவ்வீட்டுப் பாட்டியார் உள்ளே சென்று, இரும்புப் பெட்டியின் அடியிலிருந்து ஓர் ஓலைக்கொட்டானை எடுத்துவந்தார். திருமணமான புதிதில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து அவர் கொண்டுவந்த செப்புச் சாமான்கள் அதில் இருந்தன. அடுப்பு, பானை, குடம், அம்மி, உரல், திருகை என எல்லாம் விரலளவு. மூன்று தலைமுறைக் குழந்தைகள் கடித்தும் சுவைத்தும் தரையில் தேய்த்தும் விளையாடியவை. பல்லின் தடம் இருந்தது, வண்ணம் போகவில்லை. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தபோதும் துணி வெள்ளையாகவே இருந்தது.

இரண்டும் மரம், இரண்டும் வண்ணம் பூண்டவை. ஒன்று ஒரு நாழிகையில் கரைகின்றது. மற்றொன்று ஐம்பது ஆண்டுகள் கடந்தும் நிற்கின்றது. இவ்வேற்றுமை எதனால் வந்தது என்று வினவப் புகுந்தோம். அவ்வினா நம்மைச் சங்க நூல்கள் வரைக்கும், ஆந்திர நாட்டின் ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றுக்கும், முடிவில் நம் துவாரகாவுக்கே திரும்பவும் இட்டுச் சென்றது.

மரத்தால் விளையாட்டுப் பொருள் செய்தல் தமிழருக்குப் புதிதன்று. குறுந்தொகையின் அறுபத்தொன்றாம் பாட்டில், தச்சன் செய்துதந்த சிறிய தேரில் ஏறிச் செல்ல இயலாவிடினும் அதைக் கையால் இழுத்தே மகிழும் சிறுவரைத் தோழி உவமையாகக் காட்டுகிறாள். பெரும்பாணாற்றுப்படையிலும் அத்தகைய தேர் உண்டு. பட்டினப்பாலையிலோ, காவிரிப்பூம்பட்டினத்து மகளிர் கோழியை விரட்ட எறிந்த பொற்குழை, முற்றத்தில் ஓடும் மூன்றுருளைச் சிறுதேரின் வழியை மறிக்கின்றது. உரை கண்டோரும் பேச்சாளரும் இவ்விடத்தில் பொற்குழையைக் காட்டிச் சோழநாட்டின் செல்வத்தை வியப்பது வழக்கம். நாம் ஒருமுறை தேரைப் பார்ப்போமே! குழந்தை தடுக்கி விழாமல் நிற்பதற்கும் நடப்பதற்கும் ஏற்ற மூன்று உருளை வண்டி அது. நம் தாய்மார் நடைவண்டி என்று வாங்கிக் கொடுப்பது அதன் வழித்தோன்றலே. பிற்காலப் பிள்ளைத்தமிழ் நூல்கள் ஆண்பால் குழந்தையின் பத்துப் பருவங்களுள் இறுதியானதைச் சிறுதேர்ப் பருவம் என்றே வகுத்தன. விளையாட்டுப் பொருளுக்கு இலக்கியத்தில் இவ்வளவு இடமளித்த மக்கள், அதைச் செய்த தச்சனின் பெயரை மட்டும் எங்கும் எழுதிவைக்கவில்லை.

இனித் தொழிலுக்கு வருவோம். உருண்டையான மரப்பொருளைச் செய்யும் முறைக்குக் கடைசல் என்று பெயர். மோர் கடைவதற்கும் மரம் கடைவதற்கும் தமிழில் ஒரே சொல் வழங்குவது தற்செயலன்று. பழைய கடைசல் பட்டறையில் ஒருவர், மத்தில் கயிற்றைச் சுற்றி இழுப்பது போலவே, மரத்துண்டு பொருந்திய அச்சில் கயிற்றைச் சுற்றி முன்னும் பின்னும் இழுப்பார். மற்றொருவர் உளியைச் சுழலும் மரத்தின்மேல் பதித்து உருவத்தைக் கொண்டுவருவார். கயிறிழுப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணாகவோ சிறுவனாகவோ இருப்பார். மின்விசை வந்தபின் கயிறிழுக்கும் கை ஓய்ந்தது. உளி பிடிக்கும் கை ஓயவில்லை.

உருவம் முடிந்தபின்தான் வண்ணம். நம் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கின்றது. இதில் தூரிகைக்கு வேலையில்லை. வண்ணம் கலந்து உறைந்த அரக்குக் குச்சியைச் சுழன்றுகொண்டிருக்கும் மரத்தின்மேல் அழுத்திப் பிடிப்பர். உராய்வில் எழும் சூட்டில் அரக்கு உருகி மரத்தைப் போர்த்துக்கொள்ளும். பின்னர்த் தாழை மடலையோ அதுபோன்ற நாருடைய ஓலையையோ அதே சுழற்சியில் அழுத்திப் பிடிக்க, அரக்கு எங்கும் ஒரே கனமாய்ப் பரவி கண்ணாடிபோல் மின்னும். பூசிய சாயம் மரத்தின்மேல் உட்கார்ந்திருக்கும். உருக்கிய அரக்கோ மரத்தின் நுண்துளைகளைப் பற்றிக்கொண்டு இறுகிவிடும். நீரில் அது கரைவதில்லை. குழந்தையின் எச்சிலுக்கு அஞ்சாத வண்ணம் இவ்வாறு பிறந்ததே.

அரக்கு என்றவுடன் பாரதத்து அரக்கு மாளிகை நம் நினைவுக்கு வரும். பலாசு, இலந்தை, குசும்பம் முதலிய மரக்கொம்புகளில் குடியேறும் ஒரு நுண்ணிய பூச்சி தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பிசினே அரக்கு. சார்க்கண்டு மாநிலமே அதன் விளைச்சலில் முதன்மையானது. 1924-ஆம் ஆண்டில் ராஞ்சியை அடுத்த நாம்கும் என்னுமிடத்தில் இதற்கெனவே ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்றது. தூய்மை செய்த அரக்கை மருந்து மாத்திரைகளின் மேலும் மிட்டாய்களின் மேலும் பூசுகின்றனர்; ஆதலால் அது வாய்க்குத் தீங்கற்றது என்பதற்கு வேறு சான்று வேண்டா. இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. நம் பாட்டனார் கிராமபோன் பெட்டியில் கேட்டு உருகிய தியாகராச பாகவதரின் இசைத்தட்டுகளும் அரக்கைக் கொண்டு செய்தவையே. ஒரு பூச்சியின் பிசின் குழந்தைக்குச் செப்பாகவும் பெரியவர்க்குப் பாட்டாகவும் ஆயிற்று!

இவ்வளவு நல்ல முறை ஏன் தளர்ந்தது? 1856-ஆம் ஆண்டில் இலண்டனில் பதினெட்டு வயது இளைஞரான வில்லியம் பெர்க்கின், கொயினா மருந்தைச் செயற்கையாகச் செய்ய முயன்று, எதிர்பாராது ஊதாச் சாயமொன்றைக் கண்டார். 1897-ஆம் ஆண்டில் செருமானியர் செயற்கை அவுரியைச் சந்தைக்குக் கொணர்ந்தனர். மஞ்சளையும் அவுரியையும் மஞ்சிட்டியையும் ஊறவைத்து, காய்ச்சி, வடித்துக் காத்திருந்த தொழிலாளிக்கு, காகிதப் பொட்டலத்தில் ஆயத்தமான சாயத்தூள் கிடைத்தது. விலை மலிவு, நிறமோ கண்ணைப் பறிக்கும். அவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. பத்துக் காசுக்குச் செப்பு கேட்டது நாமல்லவோ! சாயத்தூளுக்குப் பின்னர்த் தூரிகையும் எண்ணெய்ப் பூச்சும் வந்தன. மலிவான பூச்சுகளில் பளிச்சிடும் மஞ்சளும் செம்மஞ்சளும் பலகாலம் ஈயம் சேர்ந்த நிறமிகளால் ஆனவை. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைத் தடுப்பது. வீட்டுப் பூச்சுகளில் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருத்தலாகாது என்ற விதி நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்று, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குமுன் நம் வீடுகளில் எத்தனை கிலுகிலுப்பைகள் எத்தனை வாய்களில் இருந்தனவோ!

ஆந்திர நாட்டில் வராக ஆற்றங்கரையில் ஏடிகொப்பாக்கா என்றோர் ஊர் உண்டு. முன்னர் விசாகப்பட்டின மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 2022 முதல் அனகாபள்ளி மாவட்டத்தில் அடங்கியது. அங்கும் கடைசல் தொழில் தலைமுறை தலைமுறையாக நடைபெற்று வந்தது; அங்கும் செயற்கைச் சாயம் புகுந்து பழைய வண்ணங்களை ஓட்டியது. அவ்வூரைச் சேர்ந்த சி. வி. ராஜு என்பார் மூதாதையர் விட்ட சாயங்களை மீட்கும் பணியில் இறங்கினார். சொல்ல எளிது. செடியிலிருந்து வடித்த சாயம் நீரோடு உறவுடையது; அரக்கோ நீரைத் தள்ளுவது. இரண்டையும் மணமுடித்து வைப்பதற்குச் சாயத்தைப் பொடியாக்கவேண்டும். உருக்கும் சூட்டில் அது கருகாமல் காக்கவேண்டும். குச்சிக்குக் குச்சி நிறம் வேறுபடாமல் பார்க்கவேண்டும். இவ்வாறு பல ஆண்டுகள் முயன்று, மஞ்சள், அவுரி முதலிய செடிச் சாயங்களைக் கொண்டே கண்ணுக்கினிய வண்ணங்களை அவரும் அவ்வூர்த் தொழிலாளரும் கைவரப் பெற்றனர். செயற்கைச் சாயத்தைப் போல அவை கண்ணைக் குத்துவதில்லை. பழுத்த இலைபோல் அடங்கிய நிறங்கள். 2017-ஆம் ஆண்டில் அவ்வூர்ப் பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2023-ஆம் ஆண்டில் ராஜு அவர்களுக்குப் பத்மசிறீ விருது அளிக்கப்பெற்றது. 2025-ஆம் ஆண்டுக் குடியரசு நாளன்று நம் தில்லியின் கடமைப் பாதையில் ஆந்திர மாநில ஊர்தி இப்பொம்மைகளைத் தாங்கி வந்து மாநிலங்களுள் மூன்றாம் பரிசும் பெற்றது. அன்று காலை தொலைக்காட்சியின் முன் அமர்ந்து தமிழ்நாட்டு ஊர்தி எங்கே என்று தேடிய நம்மில் பலர், அப்பொம்மைகளைப் பார்த்தும் பாராமல் விட்டிருப்போம்.

பழைமையை மீட்பது என்றால் பழைய உருவத்தையே திரும்பத் திரும்பச் செய்வது என்று பொருள்படுமோ? படாது என்பதே நம் கருத்து. அதற்குச் சான்று கருநாடகத்துச் சென்னபட்டணம். பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் சாலையில் ஏறத்தாழ அறுபது கிலோமீட்டரில் உள்ள அவ்வூரின் தொழிலைத் திப்பு சுல்தான் பாரசீகக் கைவினைஞரை வரவழைத்துத் தொடங்கினார் என்று ஊரார் கூறுவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாவாஸ் மியான் என்பவர் சப்பானியப் பொம்மைகளை ஆராய்ந்து, அவற்றின் அரக்கு முறைகளைத் தம் ஊர்த் தொழிலில் புகுத்தினார். இன்று நாம் பழைமை என்று போற்றும் சென்னபட்டணப் பொம்மையில் பாரசீகமும் சப்பானும் கன்னடமும் கலந்துள்ளன. இந்துக்களும் இசுலாமியரும் ஒரே தெருவில் ஒரே உளியைப் பிடிக்கின்றனர். மாறிக்கொண்டே வந்ததால்தான் அத்தொழில் பிழைத்தது. மாறாதிருந்தவை கடைசலும் அரக்கும் மரமுமே.

விடுதலைக்குப்பின் இதை உணர்ந்தவர் சிலர் நம் தலைநகரில் இருந்தனர். 1952-ஆம் ஆண்டில் அமைந்த அகில இந்தியக் கைவினை வாரியத்தை வழிநடத்திய கமலாதேவி சட்டோபாத்தியாயர், கைவினை என்பது கண்காட்சிக் கண்ணாடிக்குள் வைக்கும் பொருளன்று, வீட்டில் புழங்கும் பொருள் என்ற கொள்கையுடையவர். 1958-ஆம் ஆண்டில் அரசின் அழைப்பின்பேரில் வந்த அமெரிக்க வடிவமைப்பாளர் சார்லசு ஈம்சும் அவர்தம் மனைவி ரே ஈம்சும் நாடு சுற்றிப் பார்த்து ஓர் அறிக்கை தந்தனர். மாளிகைகளையும் கோபுரங்களையும் கண்ட அவர்கள் எல்லாவற்றினும் மேலாகப் பாராட்டிய வடிவம் எது தெரியுமா? நம் வீட்டு லோட்டா! நீர் மொள்ளவும், ஊற்றவும், இடுப்பில் இடுக்கவும், தேய்த்துக் கழுவவும் எத்தனையோ தலைமுறைக் கைகள் செதுக்கிய வடிவம் அது என்பது அவர்கள் கண்ட உண்மை. அவ்வறிக்கையின் பயனாக 1961-ஆம் ஆண்டில் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் எழுந்தது.

அதன்பின் வடிவமைப்பு கற்ற இளைஞர் பலர் கடைசல் ஊர்களுக்குச் சென்று தொழிலாளரோடு அமர்ந்தனர். எண் கற்பிக்கும் மணிச்சட்டம், பெரிதும் சிறிதுமாய் அடுக்கும் வளையங்கள், இழுத்தால் தலையாட்டும் வாத்து, கழுத்து மணிகள், மேசைக்கால், கதவுக் குமிழ் எனப் பல புதிய பொருள்கள் பழைய உளியிலிருந்து பிறந்தன. கூர்முனையை மழுக்குதல், விழுங்கக்கூடிய சிறு துண்டுகளைத் தவிர்த்தல் முதலியன இப்புதியவர்கள் கொணர்ந்த நன்மைகள். சில புதுமைகள் நமக்குச் சிரிப்பையே தந்தன. கைப்பேசியைச் சாய்த்து வைப்பதற்கென்று அரக்கு பூசிய யானையொன்றைக் கைவினைச் சந்தையில் கண்டோம். யானையின் முதுகில் பேரரசர் அமர்ந்த காலம் போய்க் கைப்பேசி அமர்ந்திருந்தது.

ஆயினும், உருவத்தைவிட மரமே இன்று பெருங்கவலை. ஏடிகொப்பாக்காவிலும் சென்னபட்டணத்திலும் கடைசலுக்கு ஏற்றதாக முன்னோர் தேர்ந்த மரம் நம் வெட்பாலைதான். தெலுங்கில் அங்குடு, கன்னடத்தில் ஆலெ, இந்தியில் தூதி என வழங்குவர். யானைத் தந்தம்போல் வெண்மை, நெருங்கிய நார், குறைந்த எடை என்பன அதன் சிறப்புகள். சித்த மருத்துவர் அதன் இலையில் தோல் நோய்க்குத் தைலம் காய்ச்சுவர். அவ்விலையிலிருந்து அவுரியை ஒத்த நீலச்சாயமும் முற்காலத்தில் எடுத்தனர். வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தழைப்பது அதன் இயல்பு. ஆகவே கொம்புகளை அளவாகக் கழித்துக்கொண்டால் மரமும் நிற்கும், தொழிலும் நிற்கும். அளவு மீறியபோது இரண்டும் இல்லாமற்போகும். சந்தை பெருகப் பெருக மரம் தேடித் தொலைவு செல்லவேண்டியதாயிற்று. ஆகவேதான் ஒருபுறம் வெட்பாலை நடும் முயற்சியும், மறுபுறம் இரப்பர் மரத்தைப் பயன்கொள்ளும் முயற்சியும் எழுந்தன. பால் வடிந்து ஓய்ந்த இரப்பர் மரங்கள் குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் ஏராளம். முன்னர் அடுப்பெரிக்கப் போனவை அவை. நார் வேறு, நிறம் வேறு என்று பழைய தொழிலாளர் முகஞ்சுளிப்பதும் நியாயமே. எனினும் ஒரு காட்டை வெறுமையாக்கி ஒரு கலையை வாழவைக்க இயலாது.

நம் தமிழ்நாட்டு நிலையையும் சொல்லவேண்டும். தாமிரபரணிக் கரையில் அம்பாசமுத்திரம் வட்டாரத்துக் கடைசல் செப்புகள் பேர்பெற்றவை. மஞ்சக்கடம்பு அவற்றிற்கு உகந்த மரம் என்பர். குற்றாலச் சாரலுக்குச் சென்றவர் எவரும் ஓலைப்பெட்டியில் செப்பு வாங்காமல் திரும்பியதில்லை. அதனை அடுத்த மலைக்காடுகள் 1988-ஆம் ஆண்டில் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகமாயின. புலியைக் காப்பது வேண்டியதே. அம்மலையில் மரம் வெட்ட இயலாதவனாகிய கடைசல்காரனுக்கு மாற்று மரம் காட்டுவதும் வேண்டியதே. மரப்பாச்சியின் கதையும் அத்தகையது. செஞ்சந்தன மரத்தில் செதுக்கிய அரசனும் அரசியும் கொலுப்படியின் தலைமை பூண்டவர்கள். உரைத்துக் குழந்தைக்குப் பற்றிட்டால் நல்லதென்று பாட்டிமார் நம்பினர். அம்மரம் சேசாசலம் முதலிய கீழ்த்தொடர்ச்சி மலைகளில் மட்டுமே இயற்கையாய் வளர்வது. கள்ளக் கடத்தலால் அருகியமையால் 1995 முதல் உலக நாடுகளின் உடன்படிக்கைப்படி அதன் வணிகம் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. ஆதலின் இன்று கடைகளில் சிவப்பாய் நிற்கும் மரப்பாச்சிகள் யாவும் செஞ்சந்தனம் என்று எண்ணிவிடலாகாது. உரைத்துக் கொடுப்பதற்குமுன் நம் தாய்மார் இதை நினைவிற்கொள்க.

இனித் துவாரகாவுக்குத் திரும்புவோம். 2023-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள், விசுவகர்மா செயந்தியன்று, நம் இருபத்தைந்தாம் செக்டரில் யசோபூமி மாளிகை திறக்கப்பெற்றது. மெட்ரோ ரயிலும் அங்குவரை நீண்டது. ரயில் நீண்டதைப் பற்றி நாம் பேசி மகிழ்ந்தோம். அதே நாளில் அதே மேடையிலேதான் கைவினைஞர்க்கான பிரதமர் விசுவகர்மா திட்டமும் தொடங்கப்பெற்றது. அதில் இடம்பெற்ற 18 தொழில்களுள் தச்சும் உண்டு, பொம்மை செய்தலும் உண்டு. கருவி வாங்க 15,000 ரூபாயும், குறைந்த வட்டியில் கடனும் அளிப்பது அது. குடும்பத்தின் பரம்பரைத் தொழிலை அடிப்படையாகக் கொள்வது குலத்தொிலை நிலைநிறுத்தும் என்று கூறித் தமிழ்நாட்டரசு அதை அவ்வண்ணமே ஏற்க மறுத்து, 2025-ஆம் ஆண்டில் 25 தொழில்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. அரசியல் வழக்கில் நாம் புகவில்லை. எனினும் சென்னபட்டணத்தின் வரலாறு இங்கே ஒன்று சொல்கிறது. அங்குத் தொழில் ஒரு குலத்துக்குள் அடைபடவில்லை. கயிறிழுத்த பெண்கள் பயிற்சி பெற்று உளியையும் பிடித்தனர்.

2021 சனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாயிற்று. பதிவுபெற்ற கைவினைஞர்க்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் அதில் விலக்கு உண்டு. ஆய்வுச் செலவைத் தாங்கமாட்டாத சிறு பட்டறைக்கு அவ்விலக்கு இன்றியமையாதது. ஆனால் முத்திரையில்லாத பொருளைக் கைவினை என்ற பெயரை மட்டும் நம்பி வாங்கலாமோ? நாம் கண்ட எளிய வழி இது: ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் அங்கேயே வைத்துவிடுங்கள். ஒட்டாவிட்டாலும் என்ன மரம், என்ன சாயம், எந்த ஊர் என்று கேளுங்கள். சனகபுரி தில்லி ஹாட்டிலும் சூரச்குண்டு மேளாவிலும் செய்தவரே நேரில் அமர்ந்து விற்பதுண்டு. நாம் கேட்டபோதெல்லாம் கடைசல்காரர் விடைசொல்லச் சலித்ததில்லை.

பாட்டியாரின் செப்புகள் இவ்வாண்டுக் கொலுவில் நம் சங்க அரங்கின் நான்காம் படியில் வீற்றிருந்தன. எண்ணிப் பார்த்தபோது திருகையின் மேற்கல் மட்டும் காணவில்லை. அம்பாசமுத்திரத்தில் உள்ள உறவினர்க்கு எழுதி, அதே அளவில் ஒன்று கடைந்து தருவார் உளரோ என வினவினோம். உளர் என்று விடை வந்தது. கடைசல்காரர் அளவுக்காகக் கீழ்க்கல்லை அனுப்பச் சொல்லியிருக்கிறார். பாட்டியார் அதைத் தபாலில் விடுவதற்கு இன்னும் இசையவில்லை. தை மாதம் ஊருக்குப் போகும்போது தாமே கையோடு எடுத்துச் செல்வதாகச் சொல்லிக் கொட்டானை மூடிவைத்துவிட்டார்.